பீடியை விட்டதை டாக்டரிடம் சொல்லவில்லை

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டேன். அன்றோடு பீடியையும் விட்டேன். பதினாலு வருஷப் பழக்கம், தினம் ஒரு கட்டு. குருசாமி முதற்கொண்டு எல்லாரும் பாராட்டினார்கள். பத்து நாள் ஆனபோது அதிகாலைக் குளியலுக்கு எழுந்திரிக்க முடியவில்லை. அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். தலையணை முழுக்க எச்சில். பன்னிரண்டாம் நாள், வேலையிடத்தில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். கை தானாக ஒரு வெட்டு வெட்டியது. அத்தனை டீயும் அடுக்கி வைத்திருந்த காலண்டர் அட்டைகள் மேல். வேறு நாளாக இருந்தால் முதலாளி என்னவெல்லாம் சொல்லியிருப்பாரோ, கழுத்தில் மாலை இருந்ததால், "விரதம் ரொம்பக் கடுமையா இருக்கீங்க சாமி, உடம்பு தாங்கல" என்றதோடு விட்டுவிட்டார். நானும் அதையே நம்பினேன்.

மனநோய்க்காக நான் சாப்பிடுகிற மருந்து குளோசபின். அந்தப் பன்னிரண்டு நாளில் நான் அந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை, ஒன்றுகூட அதிகமாகப் போடவில்லை. ஆனாலும் என் ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறேன். 2009-இல், இருபத்து மூன்று வயதில், எனக்கு மனச்சிதைவு நோய் வந்தது. ஆஃப்செட் மெஷின் ஓடுகிற தாளத்திலேயே குரல் கேட்கும். 'தெரியும், தெரியும், தெரியும்' என்று மெஷின் சொல்லிக்கொண்டே இருக்கும். என்ன தெரியும் என்று மட்டும் சொல்லாது. மெஷினை நிறுத்தினால் குரலும் நிற்கும் என்பதுதான் முதலில் ஆறுதலாக இருந்தது. அப்புறம் ஃபேனில் கேட்டது, மிக்ஸியில் கேட்டது, கடைசியில் எதுவுமே ஓடாத நடுராத்திரியிலும் கேட்டது. அம்மா என்னை, மனநோய் தீரும் என்று நம்பிப் போகிற குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப் போய் ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைத்தாள். அங்கே நிம்மதியாகத்தான் இருந்தேன். குரலும் என்னோடு நிம்மதியாக இருந்தது.

முதலில் தந்த மாத்திரை ஹாலோபெரிடால். குரல் தணிந்தது, ஆனால் உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. நடந்தால் கை ஆடாது, தாடை இறுகும். அதற்கு இன்னொரு மாத்திரை தந்தார்கள். பிறகு ரிஸ்பெரிடோன் எழுதினார்கள். அதை நான் விழுங்கவில்லை. நாக்குக்கு அடியில் ஒதுக்கிக் கொல்லைப்புறம் துப்பினேன். இதைக் கண்டுபிடித்த அம்மா, சொட்டு மருந்தாகக் கிடைக்கும் ரிஸ்பெரிடோனை வாங்கி என் காபியில் கலக்க ஆரம்பித்தாள். நிறம் கிடையாது, யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பார்த்துவிட்டேன்.

அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை கூசுகிறது. சாப்பாட்டில் எனக்கு எதையோ கலக்கிறார்கள் என்பதுதான் என் நோயின் முக்கியமான சந்தேகமே. அம்மா அதை நிஜமாக்கிவிட்டாள். அதற்கப்புறம் ஆறு மாதம் நான் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவளைக் குறை சொல்லி எழுதவில்லை. ராத்திரி கதவைத் திறந்துகொண்டு ஓடுகிற மகனை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வாள்? ஆனால் வீட்டில் இப்படி யாராவது செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறை போடுகிற நீண்டநாள் ஊசிகள் இருக்கின்றன. போட்டுக்கொள்கிற ஆளிடம் சொல்லிவிட்டுப் போடுகிற ஊசி, தெரியாமல் கலக்கிற சொட்டை விட ஆயிரம் மடங்கு மேல்.

2016-இல் ஒலான்சபின் 20 மில்லிகிராம் மூன்று மாதம் சாப்பிட்டும் குரல் நிற்காதபோதுதான், இப்போது பார்க்கிற டாக்டரிடம் போனேன். அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவு. கூட்டம் நெரிகிற இடம், ஆனால் அந்த டாக்டர் அம்மா என் பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதுல எதையெல்லாம் நிஜமாவே முழுங்குனீங்க?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ரிஸ்பெரிடோனைத் துப்பினேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்ப அது தோத்த மருந்து இல்ல, நாம போட்டே பாக்காத மருந்து" என்று சொல்லி, முதலில் அதையே முறையான அளவில் ஆறு வாரம் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். குரல் குறையவில்லை. சரியான அளவில், போதுமான காலம், இரண்டு வெவ்வேறு மருந்துகள் கொடுத்தும் பலன் இல்லை என்றால்தான் அடுத்த கட்டம் குளோசபின். நான் பொய் சொல்லியிருந்தால் ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும். ஒருவேளை தேவையே இல்லாத ஒரு கடுமையான மருந்துக்கும் போயிருப்பேன்.

ஏன் கடுமையான மருந்து என்று எனக்கும் அம்மாவுக்கும் உட்காரவைத்துச் சொன்னார். 1970-களில் ஐரோப்பாவில் வந்த மருந்து இது. 1975-இல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்து, தொற்று ஏற்பட்டு, எட்டுப் பேர் இறந்துபோனார்கள். மருந்தைப் பல நாடுகளில் ஒதுக்கி வைத்தார்கள். 1988-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. பல மருந்துக்கும் மசியாத நோயாளிகளுக்கு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்ததில், பழைய மருந்தில் நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் நல்ல முன்னேற்றம், குளோசபினில் முப்பது பேருக்கு. ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு மருந்து திரும்பி வந்தது. அம்மாவுக்கு அந்த எட்டுப் பேர் மட்டும்தான் காதில் விழுந்தார்கள். எனக்கு அந்த முப்பது.

காலண்டர் சீசன் முடியட்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஆடிப் பதினெட்டில் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியானதிலிருந்து மார்கழி முடியும் வரை எங்களுக்கு இரவு பகல் கிடையாது. 2017 பிப்ரவரியில் தொடங்கினேன். முதல் இரவு 12.5 மில்லிகிராம், அதாவது 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. அதற்கே மறுநாள் கட்டிலை விட்டு எழுந்ததும் கண் இருட்டியது. எழுந்து உட்கார், ஒரு நிமிஷம் இரு, அப்புறம் நில் என்று சொல்லித் தந்தார்கள். நாடித்துடிப்பும் வேகமாக ஓடியது. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 300-க்கு வர ஆறு வாரம் ஆனது. அதுவரை கட்டிங் மெஷின் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதை முதலாளியிடம் 'கண் பார்வைப் பிரச்சினை' என்று சொல்லிச் சமாளித்தேன். விரல் பத்தும் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனை வாரா வாரம், 18 வாரம். பிறகு மாதம் ஒன்று. வெள்ளையணு குறைகிற ஆபத்து அந்த முதல் 18 வாரத்தில்தான் அதிகம். இங்கே ஒரு சின்ன விஷயம், யாராவது ஆரம்பித்திருந்தால் உதவும். லேப் ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளையணு எண்ணிக்கை ஓரிடத்திலும், அதில் ஒரு வகையான நியூட்ரோபிலின் சதவீதம் இன்னோரிடத்திலும் இருக்கும். இரண்டையும் நாமே பெருக்கிக்கொள்ள வேண்டும். 6,200-இல் 58 சதவீதம் என்றால் 3,596. இது 1,500-க்குக் கீழே போனால் அன்றைக்கே கூப்பிடு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு குயர் நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். ஒரு வாரம் லேப்காரர் நியூட்ரோபில் அளவே இல்லாமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் அடித்துக் கொடுத்துவிட்டார். நோட்டில் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. திரும்பப் போய்ச் சண்டை போட்டு வாங்கினேன்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. அம்மா டோலோவோடு நின்றாள். காய்ச்சல், தொண்டை வலி எது வந்தாலும் டோலோ போட்டுப் படுத்துவிடாதே, முதலில் ரத்தம் கொடு என்பது டாக்டர் கட்டளை. ரத்தத்தோடு ஈசிஜியும் எடுத்தார்கள். முதல் நாலு வாரத்தில் அரிதாகச் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வருமாம். நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, காய்ச்சல் சேர்ந்தால் விடக் கூடாது. எனக்கு ஒன்றுமில்லை. மூன்று நாளில் தானாகத் தணிந்தது.

குரல்? அதுதானே முக்கியம். முதல் இரண்டு மாதத்தில் நான் கண்டதெல்லாம் தூக்கம். விட்டுவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். ஆனி மாதம் ஒரு சாயங்காலம் மெஷின் பக்கத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். 'சடக் சடக்' என்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: மெஷின் 'சடக் சடக்' என்றுதான் சொல்கிறது. எட்டு வருஷத்துக்கு அப்புறம் மெஷின் வெறும் மெஷினாக ஓடியது. குரல் முழுசாகப் போய்விடவில்லை. காய்ச்சலிலும் தூக்கம் கெட்டாலும் தூரத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் அது சொல்வதை நான் இப்போது கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

மலச்சிக்கலைப் பற்றி எழுதாமல் போனால் இந்தக் கட்டுரையே வீண். குளோசபின் குடலை மந்தமாக்குகிறது. லேசான தொந்தரவு என்று எல்லாரும் நினைக்கிற இது, உயிரையே எடுக்கக்கூடியது. ரத்தத்துக்குப் பயந்து நோட்டுப் போட்டு எழுதிய நான், வெளிக்குப் போகாததை ஒரு பொம்பளை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு நாலு நாள் இருந்தேன். அம்மா தினமும் இரண்டு வாழைப்பழம் கொடுத்தாள். ஐந்தாம் நாள் வயிறு உப்பி, வாந்தி. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டர் சொன்னார்: "ரத்தத்துக்கு நோட்டுப் போட்டீங்கல்ல, இதுக்கும் ஒரு கட்டம் போடுங்க." அன்றிலிருந்து தினமும் மலமிளக்கி உண்டு. அவர் எழுதிய மாத்திரையில் இருப்பது நிலாவாரைதான் என்று தெரிந்தபோது அம்மாவுக்கு அப்படி ஒரு திருப்தி. "நான் அப்பமே சொன்னேன்ல." அவள் சொன்னது வாழைப்பழம். அது போகட்டும். மூன்று நாள் போகவில்லை என்றால் போன் செய்ய வேண்டும். வயிற்றுவலி, வாந்தி இருந்தால் மூன்று நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

இப்போது பீடிக்கு வருகிறேன்.

டீ கொட்டிய அன்று சாயங்காலம் படியில் தடுக்கி விழுந்தேன். அம்மாதான் போன் செய்தாள். டாக்டர் மாத்திரை அளவைக் கேட்டார், காய்ச்சலா என்று கேட்டார், வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டானா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில், "மாலை போட்டுருக்கான் டாக்டர், பீடியக்கூட விட்டுட்டான் எம்புள்ள" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. "என்னைக்கு விட்டார்?"

கல்லீரலில் ஒரு நொதி இருக்கிறது. அதுதான் குளோசபினைச் சிதைத்து வெளியேற்றுகிறது. புகைப்பவர்களுக்கு, புகையில் இருக்கிற தார்ச் சரக்கு அந்த நொதியை மும்முரமாக வேலை செய்யவைக்கும். அதனால் மருந்து சீக்கிரம் கரைந்து போகும். எனக்கு அப்போது 350 மில்லிகிராம் தேவைப்பட்டதே, பாதி பீடியோடு போய்க்கொண்டிருந்ததால்தான். பீடியை விட்டதும் சில நாளிலேயே நொதி ஓய்ந்துவிட்டது. அதே 350, இப்போது உடம்பில் ஐநூறுக்கும் மேல் சாப்பிட்ட மாதிரி தேங்கியது. நிகோடினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, புகைதான் காரணம். அதனால் நிகோடின் சூயிங்கம்முக்கு மாறினாலும் இதே கதைதான்.

மறுநாள் காலை, மாத்திரை போடுவதற்கு முன்னால், இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, மருந்தின் அளவைப் பார்க்க வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 350 நானோகிராம் வாக்கில் இருந்தால் பலன் தெரியும், 600-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு 870. கை வெட்டியது வலிப்புக்கு முன்னோடியாக இருந்திருக்கலாம். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே அளவைக் குறைத்து, இரண்டு வாரத்தில் 225-க்குக் கொண்டுவந்தார். (இது எனக்குச் சரிப்பட்ட அளவு. இதைப் பார்த்து யாரும் தன் மாத்திரையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.) மலைக்குப் போய்வந்தேன், பதினெட்டாம் படியில் கால் நடுங்கவில்லை.

மாலையைக் கழற்றிய பதினைந்தாம் நாள் பீடியைத் திரும்பத் தொட்டேன். வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. தை பிறந்து இரண்டு வாரத்தில் ஃபேன் பேச ஆரம்பித்தது. 225 மில்லிகிராம் பீடி குடிக்காதவனுக்கான அளவு, பீடி குடிக்கிறவனுக்குக் காணாது. இந்தத் தடவை நானே போய்ச் சொன்னேன். "விடுறதும் என்கிட்ட சொல்லிட்டு விடுங்க, தொடுறதும் என்கிட்ட சொல்லிட்டுத் தொடுங்க. திட்டமாட்டேன்" என்றார். அப்புறம் மெதுவாக, அளவைச் சரிபார்த்துக்கொண்டே, சித்திரையில் முழுசாக விட்டேன்.

பீடியைச் சொல்லாமல் விட்டதில் எனக்கு ஒன்று புரிந்தது. டாக்டரிடம் சொல்லத் தகுந்தது எது, தகாதது எது என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். குரல் சொல்லத் தகுந்தது. பீடி, கக்கூஸ், கல்யாண வீடு, பேதி மாத்திரை எல்லாம் தகாதவை. அந்தத் தகாத பட்டியலில்தான் எனக்கு ஆபத்தெல்லாம் இருந்தது.

கல்யாண வீடு என்றேனே. கோயம்புத்தூரில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனபோது மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி திரும்பி வந்து முழு அளவையும் வாயில் போடப் போனேன். அம்மா கையைப் பிடித்துவிட்டாள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவைப் போடவே கூடாது, உடம்புக்கு அதன் பழக்கம் விட்டுப்போயிருக்கும், ரத்த அழுத்தம் சட்டென்று விழும், மறுபடி 12.5-இலிருந்துதான். டாக்டர் சொன்னபோது 48 என்ற எண் அம்மாவுக்குக் குணசீலத்து மண்டலத்தால் மனதில் நின்றுவிட்டது. சாமி எந்த வழியில் காப்பாற்றுவார் என்று சொல்ல முடியாது.

பேதி மாத்திரை விஷயம் இன்னும் சின்னது. வயிறு கலங்கியபோது மருந்துக்கடையில் எப்போதும் போல சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். அதுவும் அதே நொதியை அடக்கும், குளோசபினை ஏற்றிவிடும். இரண்டு வேளை போட்டதோடு பிடிபட்டது. அதற்கப்புறம்தான் அந்த அட்டையை அடித்தேன். வெட்டி எறிகிற காலண்டர் அட்டைத் துண்டில், விசிட்டிங் கார்டு அளவுக்கு: 'நான் குளோசபின் சாப்பிடுகிறேன். எந்த மருந்தும் கொடுப்பதற்கு முன் இந்த எண்ணில் கேட்கவும்.' கீழே அளவு, டாக்டர் நம்பர், அதோடு 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பர்சில் ஒன்று, அம்மாவின் சுருக்குப்பையில் ஒன்று. அச்சகத்தில் வேலை பார்ப்பதில் இப்படி ஒரு வசதி.

எடை ஏறியது, 62-இலிருந்து 79. இதற்கு வீர வசனம் எதுவும் என்னிடம் இல்லை. விருதுநகர் பக்கம் பிறந்தவன் ராத்திரி எண்ணெய்ப் பரோட்டாவை விடுவது பீடியை விடுவதை விடக் கஷ்டம். சர்க்கரை எல்லையில் வந்து நின்றபோது மெட்ஃபார்மின் சேர்த்தார்கள். இப்போது 73. சர்க்கரையும் கொழுப்பும் இடுப்பளவும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறார்கள். எச்சிலுக்குத் தலையணையை உயர்த்தி, மேலே துண்டு விரித்து, ஒருக்களித்துப் படுக்கிறேன். அளவு குறைந்ததும் அதுவும் குறைந்தது.

மாத்திரை போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்துக்கு என் வைத்தியம் தினசரி காலண்டர்தான். ராத்திரி மாத்திரையை விழுங்கிய பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பேன். தாள் இருந்தால் மாத்திரை பாக்கி. முதல் மாதம் இது குழப்பத்தில் முடிந்தது, ஏனென்றால் நான் மறந்துபோன நாளுக்கு மறுநாள், காலையில் நல்ல நேரம் பார்க்கிற அம்மா, தேதி பின்தங்கியிருக்கிறதே என்று கிழித்துவிடுவாள். இப்போது வீட்டில் இரண்டு காலண்டர். ஒன்றில் அம்மாவின் நாள் நடக்கிறது, இன்னொன்றில் என்னுடையது.

இந்தக் கார்த்திகைக்கும் மாலை போடுகிறேன். பீடி இல்லை, விடுவதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்து, இந்தத் தடவை விரதத்துக்குக் காபியை விடுவதாக இருந்தேன். போன வாரம் டாக்டரிடம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். காபியும் அதே நொதி வழியாகத்தான் போகிறதாம். நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தளவு இறங்குமாம்.

"ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்?" என்றார்.